மூன்றாம் நாள் இல்லாத படம்

வெளிநாட்டில் யாரோ ஒருவர் என்னைச் சாவு என்று எழுதியிருக்கிறார்.

பேத்தி அதைப் போனில் வாசித்துக் காட்டியபோது நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். அவள் எடுத்த படத்தில், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாளே ஒரு கிழவி, அவள் கிழவியே இல்லையாம். சாவுதான் அந்த வடிவில் வந்து உட்கார்ந்திருக்கிறதாம். அவள் பொறுக்கிப் போடுவது கல்லை இல்லையாம், மனிதர்களையாம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. அன்றைக்கு என் முகத்தில் இருந்தது பசி. விடியலிலிருந்து உட்கார வைத்து, "இந்தா வருது அப்பாயி, இந்தா வருது" என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் தேத்தண்ணி தராமல் எடுத்தார்கள். தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தேத்தண்ணி கிடைக்காவிட்டால் முகம் அப்படித்தான் இருக்கும். இப்போது நான் லயத்தில் நடந்து போனால், "சாவு வருது, ஒதுங்குங்க" என்று பொடிசுகள் வழி விடுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது அந்தப் பேத்திதான். தன்னைப் பற்றி வரும் இடத்திலும் மாற்றாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

என் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் விட்டுப் போனது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இவள். கொட்டகலையில் படித்து, கொழும்புக்குப் போய்ப் படம் எடுக்கப் படித்தாள். இளையவன் எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறான். அக்கா எடுத்த படத்தில் எரிபவன் இந்தத் தம்பிதான். இவர்கள் இரண்டு பேருக்கும் தாய், என் மருமகள், இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள். நாங்கள் நாலு பேர்தான் வீடு.

படத்தின் கதையை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஒருத்தன் காலையில் எழுந்து லயத்துக் காம்பராக் கதவைத் திறக்கிறான். வெளியே வாசல் இல்லை, அதே காம்பரா. அதற்கும் ஒரு கதவு. அதைத் திறந்தாலும் அதே காம்பரா. எப்படியோ வெளியே வந்து பெரட்டுக்குப் போனால், அங்கே வேலைக்குப் பெயர் கூப்பிடுகிறவர் செத்துப்போனவர்களின் பெயர்களைக் கூப்பிடுகிறார். பனிக்குள்ளிருந்து "இருக்கேன், இருக்கேன்" என்று குரல் வருகிறது. கடைசியில் இவன் பெயரையும் கூப்பிடுகிறார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் யாராவது வந்து இவனுக்குக் காமன் வேஷம் போடுகிறார்கள். கழுவினாலும் போகவில்லை. முடிவில் காமனாகவே எரிகிறான். இவன் பெண்சாதி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். திரும்பவே மாட்டாள். அத்தோடு படம் முடிகிறது.

முடிகிறது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எங்கள் ஒருத்தருக்கும் அது தெரியாது.

காமன் கூத்து தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மாசி மாதம் எங்கள் தோட்டங்களில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ஊன்றினால் கூத்து நடக்கிற அத்தனை நாளும் கவிச்சி கிடையாது, காமனாக ஆடுகிறவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, அவன் கையில் காப்புக் கட்டியிருக்கும். சிவன் கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். எரித்த மூன்றாம் நாள் காலையில் அந்தச் சாம்பலில் பால் ஊற்றி, ரதி அழுகிற பாட்டைப் பாடி, காமனை எழுப்ப வேண்டும். எழுந்த பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள். அதுவரைக்கும் அவன் செத்தவன் கணக்கு. இதற்கு நடுவில் லாவணி என்று ஒரு சண்டை இருக்கிறது. ஒரு பக்கம் எரிந்த கட்சி, காமன் எரிந்துதான் போனான் என்று பாடுவார்கள். மறுபக்கம் எரியாத கட்சி, எரியவே இல்லை என்று பாடுவார்கள். எங்கள் அப்பா எரியாத கட்சி. பாடிப் பாடித் தொண்டை கட்டி மாசி முழுக்கக் கையால்தான் பேசுவார். அது வேறு கதை.

பேத்தி கம்பம் ஊன்றச் சொன்னது ஐப்பசியில். "சும்மா காட்டுறதுக்குத்தான் தாத்தா" என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் சொன்னாள். சும்மா கம்பம் ஊன்றுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள், பேரன் கையில் காப்பைக் கட்டினார்கள். "ஐயோ, நல்லா இருக்கே" என்று அவளும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். எரிக்கும் கட்டத்தை எடுத்தார்கள். நல்ல மழை வந்தது. மறுநாள் விடியலில் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் பெரியவர்கள் பால் செம்போடு வந்து நின்றார்கள். நான்தான் சொன்னேன்: "படம்னா துண்டு துண்டாத்தான் எடுப்பாங்க. மிச்சத்தைக் கொழும்புல கம்பியூட்டர்ல போட்டு எடுப்பாங்க." அவர்களும் தலையாட்டிவிட்டுப் பாலைக் கொண்டுபோய்த் தேத்தண்ணியில் ஊற்றிக் குடித்தார்கள். எங்கள் தோட்டமே அப்படித்தான் நம்பியது. காமனை எரித்து எவனாவது அப்படியே விடுவானா?

படம் ஊர் ஊராகப் போனது. எழுதுகிறவர்கள் எழுதினார்கள். பேத்தி சனி ஞாயிறில் வந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். ஒருவர், பயத்தில் மூச்சு முட்டியது என்று எழுதினார். இன்னொருவர், கதவைத் திறந்து திறந்தே கொட்டாவி வந்துவிட்டது என்று எழுதினார். கொழும்பில் ஒரு அம்மா, அவன் முதலிலேயே செத்துப்போனவன், பார்ப்பதெல்லாம் செத்தவன் பார்வை என்றார். இந்தியாவில் ஒரு ஆள், இல்லை, அவன் சாகவே இல்லை, அவனுக்கு மனசுதான் சரியில்லை என்றார். அந்த அம்மாவுக்கு இந்த ஆள் பதில் எழுத, இந்த ஆளுக்கு அந்த அம்மா பதில் எழுத, நான் பேத்தியிடம் சொன்னேன்: "இது நம்ம லாவணிதானேடி. அந்தம்மா எரிஞ்ச கட்சி, இந்த ஆளு எரியாத கட்சி." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் பேரனுக்குப் பெண் அமையும் வரைதான்.

பெண் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பேரனே பேசி, பழகி, பிறகுதான் எங்களுக்குச் சொன்னான். நல்ல பிள்ளை. அவளை வளர்த்தது அவளுடைய தாய்மாமன். அவர் அந்தப் பக்கத்தில் பெயர் போன கூத்து வாத்தியார். லாவணியில் எரிந்த கட்சி. வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்த்திருந்த நேரத்தில் யாரோ அவருக்கு ஒரு செய்தியை வாசித்துக் காட்டிவிட்டார்கள். 'எழாத காமன்' என்று அதற்குத் தலைப்பாம்.

மறுநாளே மருமகளுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சத்தத்தைப் பெரிதாக வைத்து எங்கள் காதில் விழும்படிதான் பேசினாள்.

"தங்கச்சி, நான் சுத்தி வளைக்கல. எரிஞ்சவன எழுப்பாம விட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கு. அப்படியா?"

"யாருண்ணே சொன்னது? எழும்பாம எப்படிண்ணே? கடைசில எழும்புவான். பத்திரிகக்காரனுக்குக் காமன் கூத்து தெரியுமா?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. எம் மக எடுத்தது, எனக்குத் தெரியாதா?"

"சரி. அப்ப நாங்களும் வந்து பாக்குறோம். எழும்பினா அங்கயே தட்டு மாத்திக்குவோம். எழும்பலேன்னா எம் மருமகப் புள்ளைய எரிஞ்சு கெடக்குறவனுக்குக் குடுக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க."

மருமகள் போனை வைத்துவிட்டு, "வரட்டும், பாக்கட்டும்" என்றாள். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று பேசி, கோழிக்குச் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு காலையில் பேத்தி பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து இறங்கினாள். தோட்டத்து மண்டபத்தின் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கினோம். சுவரில் திரைக்காக வேட்டியைக் கட்டும்போது ஒரே முடிச்சை அவள் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

"என்னாடி, குளிருதா?"

"அப்பாயி, அம்மா எல்லார்கிட்டயும் தம்பி எழும்புவான்னு சொல்லி வச்சிருக்காங்களே."

"ஆமா."

"எழும்ப மாட்டான் அப்பாயி. நான் எடுக்கவே இல்ல."

நான் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கீழே ரோட்டில் பெண் வீட்டார் வந்த வேன் ஹோர்ன் அடிக்கிறது. மருமகள் தட்டில் வாழைப்பழச் சீப்பை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பேரன் புதுச் சட்டையில் மடிப்பு கலையாமல் நிற்கப் பார்க்கிறான்.

"அம்மாகிட்ட சொல்லேண்டி."

"ரெண்டு தடவ சொல்லப் போனேன். போடி, கோழிய பாருங்குறாங்க."

நானும் சொல்லவில்லை. சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தேன். சாப்பாட்டில் தாய்மாமன் அப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசினார். உயரமான மனிதர், குரல் கணீர் என்று இருந்தது. "தங்கச்சி, கோழி நல்லா இருக்கு. படமும் இப்படி இருந்திச்சின்னா தையிலேயே கல்யாணத்த வச்சிருவோம்" என்றார். பெண்ணும் வந்திருந்தாள். அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, பேரன் இருக்கும் திசையைக் கண்ணால் ஒரு தட்டுத் தட்டினாள்.

படம் போட்டார்கள். தோட்டமே உள்ளே இருந்தது. சுவர் முழுக்க என் முகம் வந்தபோது, எனக்கு இருந்த கவலையிலும் சந்தோஷம் தாங்கவில்லை. என் மூக்குத்திக் கல் ஒரு சட்டி அளவு இருந்தது. "ஆத்தாடி, அப்பாயியப் பாரு" என்று எல்லாரும் கை தட்டினார்கள். வெளிநாட்டுக்காரர் பயந்த இடம் அது.

பெரட்டில் செத்தவர்கள் பெயரைக் கூப்பிடும் கட்டம் வந்தது. தோட்டத்தில் புழங்குகிற பெயர்களே கொஞ்சம்தான். கூப்பிட்ட ஒவ்வொரு பெயரிலும் மண்டபத்தில் இருந்த யாராவது ஒருவர் வீட்டில் ஒரு ஆள் செத்திருந்தார். முன் வரிசையில் ஒரு கிழவி, அவள் புருஷன் பெயரைக் கூப்பிட்டதும் படத்துக்குள்ளிருந்து குரல் வருமுன்னே, "இருக்காரு சாமி, நல்லா இருக்காரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் மழை தகரத்தில் அடிக்க ஆரம்பித்தது. அது படத்து மழையா வெளி மழையா என்று தெரியாமல் பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள்.

காமனை எரிக்கும் கட்டம் வந்தது. பேரன் நெருப்புக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறான். மருமகள் எட்டி, முன்னால் இருந்த தாய்மாமனின் தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டி, "இனித்தாண்ணே, பாருங்க, இனித்தான் எழும்புவான்" என்றாள். அவர் தலையாட்டினார். திரையில் சாம்பல் பறக்கிறது. "இனித்தாண்ணே." பெண்சாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். "இப்பத் திரும்புவா, திரும்பி அழுவா, அழுததும் இவன் எழும்புவான்." கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தது. மருமகள் அந்த எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். எழுத்தும் முடிந்து வெறும் வேட்டிதான் மிச்சம்.

"இன்னும் இருக்குதானே?" என்று மருமகள் கேட்டாள்.

"முடிஞ்சிச்சிம்மா."

"தம்பி எழும்பவே இல்லையே."

"எழும்ப மாட்டான்மா. அதுதான் படம்."

யாரோ ஒரு கம்பளியை அவிழ்க்க, உள்ளே வெளிச்சம் வந்தது. தாய்மாமன் எழுந்து நின்றார். சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாப்பா, இங்க வாம்மா. கம்பம் ஊணும்போது தேங்கா ஒடைச்சீங்களா?"

"ஒடைச்சாங்க மாமா."

"காப்பு கட்டினீங்களா?"

"கட்டினாங்க."

"யாரு அவுத்தா?"

பேத்தி தம்பியைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சொன்னான்: "மேக்கப் போடுற அக்கா கத்தரிக்கோலால வெட்டிட்டாங்க மாமா."

மண்டபம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது.

"அப்ப ஒரு வருஷமா நீ எரிஞ்சுதான் கெடக்குற" என்றார் அவர்.

பின்னாலிருந்து எங்கள் தோட்டத்துத் தப்படிக்கிற பெரியவர் எழுந்தார். அவர் எரியாத கட்சி. மாப்பிள்ளை வீட்டை இப்படியே விட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ, பழைய வாய் துடித்ததோ, நாற்காலி முதுகில் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்.

"எரிச்ச கண்ணு ஒண்ணுதான், எரிஞ்ச மேனி எங்கண்ணே?
சாம்பலைக் காட்டுனீங்க, சாட்சி சொல்ல யாருண்ணே?"

தாய்மாமனுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? உடனே எடுத்தார்.

"சாம்பலையே பாத்த பின்னும் சாட்சி ஒண்ணு வேணுமா?
தாலிபோன ரதியழுத சத்தம் காதில் விழலையா?"

எங்கள் பக்கம் கை தட்டினார்கள், அவர்கள் பக்கமும் தட்டினார்கள். ஒரு நிமிஷம் எல்லாம் சிரிப்பாகப் போய்விடும் என்று நினைத்தேன். பேத்தி அதை நம்பி முன்னால் போய்ப் பேசினாள்.

"மாமா, இப்ப நீங்க ரெண்டு பேரும் பாடினதுதான் என் படம். அவன் செத்தானா இல்லையான்னு நான் சொல்லல. பாக்குறவங்க முடிவு பண்ணணும்னுதான் அப்படி விட்டேன்."

"அது சரிம்மா. படம் மட்டும்னா பாக்குறவன் முடிவு பண்ணலாம். தேங்கா ஒடைச்சிட்டீங்களே."

அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வேன்ல ஏறுங்க" என்றார் தன் ஆட்களைப் பார்த்து.

மருமகள் மகளிடம் பாய்ந்தாள். "நாளைக்கே ஒரு துண்டு எடுத்து ஒட்டுடி. ஒட்டினா என்னா?"

"ஒட்ட முடியாதும்மா. அது முடிஞ்ச படம்."

"ஒந் தம்பி வாழ்க்க பெருசா, படம் பெருசா?"

"அப்படிக் கேக்காதம்மா." அவள் அழுதுவிட்டாள். எத்தனையோ பேர் என்னென்னமோ எழுதினார்கள், கொட்டாவி வந்தது என்றுகூட எழுதினார்கள், அதற்கெல்லாம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. பேரன் அக்காவின் பக்கமும் போகாமல், பெண்ணின் பக்கமும் போகாமல், நடுவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பெண் பார்த்து முடியாத வீட்டில் பெண் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"மாமா, எழுப்பிட்டா சரிதானே?"

"என்னா?"

"படத்துல எழுப்ப வேணாம். ஆள எழுப்புங்க. நீங்கதானே வாத்தியாரு."

தாய்மாமன் அவளையே பார்த்தார். "இது மாசி இல்ல புள்ள."

"ஐப்பசில எரிச்சாங்க. மாசிலயா எழுப்பணும்?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டார். பிறகு சுற்றிப் பார்த்து, "எல்லாரும் கோழி சாப்பிட்டாச்சு. இன்னைக்கு ஆகாது. மாப்புள்ள வெரதம் இருக்கணும். மூணாம் நாள் காலைல நான் வர்றேன். அப்பயும் எழும்பலேன்னா யாரும் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார்.

"படம் பிடிச்சிக்கிறேன் மாமா" என்றாள் பேத்தி, கண்ணீரோடு. எழுதுகிறவள் அவள்தான், இதையும் எழுதட்டும்.

"கமரா வந்தா நான் வர மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி மாமா."

அந்த விரத நாட்கள் மாதிரி நான் பார்த்ததில்லை. மருமகள் மகளோடு பேசவில்லை. பேரன் மாடிக்கு வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவன் காம்பராக் கதவைத் திறந்தால் போதும், மருமகள் திடுக்கிட்டு எட்டிப் பார்ப்பாள். படத்தைப் பார்த்த பிறகு எங்கள் லயத்தில் பல பேருக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. நானே ஒரு தடவை கதவைத் திறந்து வாசல் வாசலாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். 'எழாவிட்டால்' என்று யாரும் சொல்லவில்லை. வெற்றிலையும் பாக்கும் வாங்கியபடியே சாமி மாடத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பனி இறங்கியிருந்தது. காமன் பொட்டலில் சாம்பல் ஏது, புல் முளைத்துக் கிடந்தது. தாய்மாமன் எரித்த இடத்தைக் கேட்டு, அங்கே பேரனைப் படுக்க வைத்து, வெள்ளைத் துணியால் தலை முதல் கால் வரை மூடினார். கையில் புதிதாக ஒரு காப்பைக் கட்டினார். தாயை விலகி நிற்கச் சொன்னார். பேத்தி வெறுங்கையோடு நின்றாள். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டும் தொங்கவிட்டுக்கொண்டும் இருந்தாள்.

பாலை ஊற்றினார். ரதி பாட்டை எடுத்தார். அந்தக் குரலில் நான் கல்யாணத்தையும் மறந்துவிட்டேன், வந்ததையும் மறந்துவிட்டேன். போனவனைக் கூப்பிடுகிற பாட்டு அது. மருமகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது. "எழுந்திரய்யா" என்றார்.

துணி அசையவில்லை.

மறுபடி கடைசி அடியைப் பாடினார். "எழுந்திரு."

அசையவில்லை. பனி எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் புகுந்து வந்தது. வாத்தியார் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். அவர் எத்தனை காமனை எழுப்பியிருப்பார். மூன்றாம் தடவை பாட்டை எடுக்கும்போது குரல் தட்டியது. மருமகள், "ஐயா, எம் புள்ள" என்று ஓடப் போனாள். நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் கும்பிட்ட கையோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேத்திதான் போனாள். யாரையும் கேட்கவில்லை. ஈரப் புல்லில் மண்டி போட்டு, துணிக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்:

"தம்பி. கட்."

பேரன் எழுந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு நடந்த அழுகையையும் அடியையும் சொல்லி முடியாது. தாய் அவனை முதுகில் அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். "ஏண்டா எழும்பல? ஏண்டா?" அவன் கண் எங்கேயோ இருந்தது.

"அக்கா சொல்லாம எழும்பக் கூடாதுன்னு அன்னைக்கு சொன்னாங்கம்மா. மழ வந்து எல்லாரும் கமராவத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. அக்கா சொல்லவே இல்ல. அப்பாயிதான் கொடையோட வந்து இழுத்துட்டுப் போனாங்க."

அவன் விளையாடினானா, நிஜமாகவே எழ முடியவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "பாட்டு கேட்டிச்சு அப்பாயி, ஆனா அது என்னையக் கூப்பிடுற மாதிரி இல்ல" என்கிறான். அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

தாய்மாமன் காப்பைத் தன் கையாலேயே அவிழ்த்தார். முகம் இன்னும் தெளியவில்லை. "இத்தன வருஷம் பாடுறேன். என் பாட்டுக்கு எழும்பாதவன் இந்தப் புள்ள ஒரு சொல்லுக்கு எழும்புறான்" என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, "அந்த ஒரு சொல்ல அன்னைக்கே சொல்லியிருந்தா என் தொண்டையாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றார். அப்போதுதான் பெண் சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லாரும் சிரித்தோம். தட்டை அந்தப் புல்லிலேயே வைத்து மாற்றினோம். தை மாதம் நல்லபடியாகக் கல்யாணம் முடிந்தது.

பேத்தி படத்தில் ஒரு துண்டும் ஒட்டவில்லை. பங்குனியில் தாய்மாமன் தன் தோட்டத்திலும் அந்தப் படத்தைப் போட வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார். நானும் போனேன், என் முகத்தை இன்னொரு தடவை சுவர் அளவு பார்க்கிற வாய்ப்பை விடுவேனா? படம் தொடங்கும் முன்னால் அவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். தன் ஆட்களைப் பார்த்து அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இதுல காமன் எரிவான், எழும்ப மாட்டான். அழுவாதீங்க, எழும்பிப் போயிடாதீங்க. எழுப்புற வேலைய நாங்க வேற எடத்துல முடிச்சிட்டோம். இந்தா மாப்புள்ள, என் மருமகப் புள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து கடல தின்னுறாரு. பயப்படாம பயந்து பாருங்க."

சொல்லிவிட்டு, எரிந்த கட்சிக்காரர்களோடு போய் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.